அறிவிக்கிறவர்களின் ஒற்றுமை



ஜூன் 11-ம் தேதி திருச்சபை அர்ச். பர்னபாவின் திருநாளைக் கொண்டாடுகிறது. திருநாளென்றும் தியானமென்றும் நோட்டீசு எழுதி, ஏற்காட்டுக் கடைவீதியிலும் காப்பித் தோட்ட லயன்களிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் வீடு வீடாய் அறிவிக்கிறவர்களுக்கு இவர் நல்ல மாதிரிகை.

சின்னப்பர் மனந்திரும்பி ஜெருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவருக்கு அஞ்சினார்கள். பர்னபாவோ அவரை அப்போஸ்தலர்களிடம் அழைத்துப்போனார். பின்பு அந்தியோக்கியா சபையின் பொறுப்பு தம்மிடம் வந்தபோது, தாம் ஒருவரே போதுமென்றிராமல், தார்சு நகருக்குப் போய்ச் சின்னப்பரைத் தேடிக் கூட்டிவந்தார். ஒரு வருஷம் முழுவதும் இருவரும் சேர்ந்து போதித்தார்கள். சீஷர்களுக்குக் கிறீஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதல் வழங்கியது அந்த ஊரிலேதான்.

அப்போஸ்தலர் நடபடியில் முதலில் பர்னபாவின் பெயரே முன்னே நிற்கிறது. இருவரும் சைப்பிரஸ் தீவைக் கடந்தபின் பெரும்பாலும் சின்னப்பருடைய பெயர் முந்திவிடுகிறது. தாம் கூட்டிவந்தவர் தம்மை முந்தியதற்காகப் பர்னபா முறுமுறுத்ததாக அதில் ஓர் எழுத்தும் இல்லை.

ஆயினும் அவர்களுக்குள்ளும் பிணக்கு வந்தது. பம்பீலியாவில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்ப்பதா என்று வாதாடி, இருவரும் பிரிந்தே போனார்கள். ஆனால் இருவரும் வேலையை நிறுத்தவில்லை. பர்னபா மாற்குவைக் கைவிடவுமில்லை. பிற்காலத்தில் சிறையிலிருந்த சின்னப்பரே, மாற்கு தமக்கு உதவியானவர் என்றும் அவரைக் கூட்டிவர வேண்டுமென்றும் திமோத்தேயுவுக்கு எழுதினார்.

நமக்குள் வரும் பிணக்கு எதனால்? நோட்டீசில் யார் பெயர் முன்னே, யாரைக் கேட்டு அச்சுக்குக் கொடுத்தது என்பவைகளால்தான். இருவர் முகம் கோணி நின்றால், தூரத்துத் தோட்டத்தில் மழைமூட்டத்துக்குள் இருக்கும் ஒரு கிழவிக்குப் பூசை நேரம் தெரியாமற்போகும். நஷ்டம் அவளுக்கு.

ஆகையால் தலைவராயிருப்பவர் வாரம் ஒருமுறை எல்லாரையும் கூட்டி, ஜெபம் சொல்லி, இன்ன வேலை இன்னாருடையது என்று பிரித்துக்கொடுக்கட்டும். இருவர் இருவராய் அனுப்பட்டும். நமதாண்டவரும் தம் சீஷர்களை அப்படியே அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் சொல்வதைப் பொறுமையாய்க் கேட்கட்டும். குறையைத் தனியே சொல்லி, நன்மையை எல்லார் முன்பாகவும் சொல்லட்டும். வேலைக்கு முந்தி, புகழுக்குப் பிந்தி நிற்கட்டும். மனம் நொந்து விட்டுப்போன மாற்கு யாராவது உண்டானால், இந்த ஞாயிறே அவர் வீட்டுக்குப் போகட்டும்.

அர்ச். பர்னபாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.