பரீட்சைக்கு அப்பால் சைவநெறி

சைவப் பிள்ளைகள் தம் சமயத்தோடு பிற பாடங்களையும் கற்க வேண்டும் என்னும் திருவுளத்தோடு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பாலபாடம், சைவ வினாவிடை முதலிய நூல்களையும் பிள்ளைகளுக்காக எழுதினார்.

இன்று சைவநெறி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம். நாயன்மார் வரலாற்றை மனனஞ்செய்து அதிவிசேட சித்தி பெறும் பிள்ளைகள் பலர். ஆயினும் ஞாயிறு காலையில் தனியார் வகுப்புக்கள் நிரம்ப, அறநெறி வகுப்போ வெறிச்சோடுகிறது.

அப்பர் சுவாமிகளின் உழவாரத் தொண்டைப் பற்றி விடை எழுதும் பிள்ளை, ஆலய வீதியில் ஒரு புல்லையேனும் பிடுங்கினாலன்றோ கற்றது நிலைக்கும்? அப்பூதியடிகளின் தண்ணீர்ப்பந்தரைப் படித்த பிள்ளை, திருவிழாவில் தாகத்தோடு வருபவர் எவராயினும் குலம் பாராது தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆசிரியர் விதைப்பதைப் பெற்றோரும் ஆலயமும் பேணினாலே அது பயிராகும். எல்லாம் வல்ல சிவபெருமான் திருவருள் பாலிப்பாராக.