ஏடு எண்ணும் கடமை

ஆழ்ந்து கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று போற்றுவது தமிழர் வழக்கு. எழுத்தை எண்ணுவது புலமையாகக் கருதப்படும் இம்மரபில், பக்கத்தை எண்ணுவது மட்டும் ஏனோ சிற்றேவல் வேலையாகத் தாழ்ந்துவிட்டது. வினாத்தாளைத் தயாரித்த ஆசிரியர் அதனைக் கட்டிக் கொடுக்கிறார், மேற்பார்வையாளர் கையொப்பமிடுகிறார், அச்சகத்தார் வந்ததை அச்சிடுகின்றனர். தமக்கு முன்னவர் எண்ணியிருப்பார் என்றே ஒவ்வொருவரும் நம்புகின்றனர். அந்நம்பிக்கை நல்லெண்ணமா, அன்றிச் சோம்பலா?

எண்ணிப் பார்ப்பது உடன் பணியாற்றுபவரை ஐயுறுவதாகும் என்று கூசுவோர் உண்டு. பணத்தை எண்ணி வாங்குபவரை எவரும் கடிந்துகொள்வதில்லை. பணம் குறைந்தால் இழப்பு எண்ணத் தவறியவருக்கே. பக்கம் குறைந்தாலோ, இழப்பு முகமறியாத வேறொருவரைச் சென்றடைகிறது. அச்சுக்கு அனுப்பும் மேசையருகே வந்து தம் பங்கைக் கேட்க அவரால் இயலாது. அவருக்காக எண்ணுவதில் ஐயத்திற்கு இடமேது?

மலேசிய எஸ்.பி.எம். தேர்வுத்தாள்களின் முகப்பில், அத்தாள் இத்தனை அச்சிட்ட பக்கங்களைக் கொண்டது என்னும் அறிவிப்பு இடம்பெறுவதுண்டு. மாணவர் பலர் படியாமலே கடந்து செல்லும் அவ்வொரு வரியின் பொருள் ஆழமானது. பணப்பையை இழந்தவன் இழந்ததை அறிவான். பக்கத்தை இழந்தவனோ இழப்பையே அறியான். இறுதித் தாள் விடுபட்ட படியைப் பெற்ற மாணவி, வினாக்கள் அவ்வளவே என்று எண்ணி, நேரம் மிஞ்சியதற்கு மகிழ்ந்து, எழுதுகோலை மூடி வைப்பாள். அவள் காணாத வினாக்களுக்குரிய மதிப்பெண்கள், அவளுடைய அறிவுக் குறைவாகவே பதிவேட்டில் ஏறும். எழுதாமல் விட்ட பக்கத்திலும் ‘வெற்றுப் பக்கம்’ என்று அச்சிடும் வழக்கம் சிலருக்கு நகைப்பூட்டலாம். வெறுமையும் குறையும் வெவ்வேறு என்பதை அச்சொற்கள் அன்றி அவளுக்கு உணர்த்துவது எது?

சைக்ளோஸ்டைல் பொறியைக் கையாண்ட ஆசிரியர்கள் இதனை அனுபவத்தில் அறிவர். ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, மை தோய்ந்த உருளையைச் சுழற்றி, பக்கவாரியாக மேசையில் அடுக்கி, மேசையைச் சுற்றிவந்து அடுக்குக்கு ஒரு தாளாக எடுத்துச் சேர்ப்பர். மையின் ஈரத்தில் இரு தாள்கள் ஒட்டிக்கொள்ளும். ஓர் அடுக்கு மற்றவற்றுக்கு முன்னரே தீரும்போதுதான் பிழை தெரியும். கட்டியவற்றையெல்லாம் மீண்டும் பிரிக்க வேண்டும். இன்று கணினி தானே பக்கத்திற்கு எண்ணிடுகிறது என்பர் இளைஞர். உண்மையே. ஆயினும் மூலப்படியை வருடும்போது இரு தாள்கள் ஒட்டிச் சென்றால், தன்னிடம் வந்தவற்றை மட்டுமே அது பிசகின்றி எண்ணும். வராததை அது அறியாது.

மூலப்படியில் நேர்ந்த குறை எல்லாப் படிகளிலும் பெருகுவதால் அதுவே கொடிது என்று தோன்றும். ஆனால் எல்லாருக்கும் நேர்ந்த குறை எளிதில் வெளிப்படும். யாரேனும் ஒருவர் கை உயர்த்திக் கேட்பார். ஒருத்திக்கு மட்டும் நேர்ந்த குறைக்குக் குரல் இல்லை. எனவே அச்சுக்கு முன் எண்ணியவர் பின்னும் எண்ண வேண்டியவராகிறார். அதுவும் விரல் நுனியால் தொகையை மட்டும் எண்ணினால் போதாது. ஐந்தாம் பக்கம் இருமுறை வந்து ஆறாம் பக்கம் விடுபட்டாலும் தொகை சரியாகவே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் கண்டு எண்ணுதலே எண்ணுதல்.

பழந்தமிழ்ப் பாடல்களைத் தொகுத்த முன்னோர் எண்ணிக்கையை நூலின் பெயரிலேயே பொறித்து வைத்தனர்: புறநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து. சுவடி எழுதியோர் ஏட்டின் ஓரத்தில் எண்ணிட்டனர்; கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் முறைப்படுத்த அவ்வெண் உதவியது. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிட்டவில்லை என்பதை இன்றைய மாணவர் அறிவதற்கு அப்பெயரே சான்று. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றுக்குத் தொடர்ந்து எண்ணிட்டு இடைவெளியை மூடிவிடுவது எளிது. பக்கமும் அழகாக அமைந்திருக்கும். ஆனால் அவ்விரு எண்களும் வேறு பாடல்களுக்குத் தரப்படவில்லை. 266ஆம் பாடலைப் படித்து முடிப்பவர் அடுத்து 269ஆம் பாடலைக் காண்கிறார்.