பாவையின் நகைப்பும் கணபங்கவாதமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் பெயரோடு இணைந்துவிட்ட கொல்லிப்பாவையைப் பற்றி இரு மரபுகள் வழங்குகின்றன. நற்றிணையின் 201ஆம் பாடலில் பரணர், காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும், நிலமே அதிர்ந்தாலும் எழில் கெடாத உருவமாக அதனைக் காட்டுகிறார். பிற்கால மரபோ, முனிவரைக் காக்க அமைக்கப்பட்ட அப்பாவை, நெருங்கி வரும் அரக்கரை நகைத்து மயக்கிக் கொல்லும் என்கிறது. மாறாத உருவம் எவ்வாறு நகைக்கும் என்ற வினா, இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்கு எழாமல் இராது.

கணினியில் சட்டக அசைவூட்டம், அதாவது ஒவ்வொரு நிலையையும் தனிப்படமாக வரைந்து வரிசையாக ஓடவிடும் அனிமேஷன், பயிலத் தொடங்குபவர் இவ்வினாவைத் தம் கையாலேயே எதிர்கொள்கிறார். கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு லேயரும், அதாவது கண்ணாடித்தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் ஒவ்வோர் அடுக்கும், ஒரு சட்டகமாகும். அடியில் உள்ளதே முதலில் தோன்றும். பாவையின் நகைப்பை வரைவதானால், முதல் அடுக்கில் இதழ் மூடியிருக்கும். இரண்டாவதில் உதட்டின் ஓரம் மயிரிழையளவு உயரும். மூன்றாவதில் கன்னம் சற்றே திரளும். முந்தைய கோடு மங்கலாகத் தெரியும்படி மேலடுக்கின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டு அடுத்ததை வரைவர். இம்முறைக்கு ஆனியன் ஸ்கின் என்று பெயர். கால அளவு குறிக்காவிட்டால் ஒவ்வொரு படமும் 100 மில்லிவினாடி, அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு, நிற்கும். ஓடவிட்டால் பாவை நகைக்கிறாள். எந்த அடுக்கைத் தனியே திறந்தாலும் அசையாத உதடு மட்டுமே இருக்கிறது.

பௌத்தரின் கணபங்கவாதம், அதாவது தோன்றிய பொருள் அக்கணமே அழிகிறது என்னும் கொள்கை, உலகம் முழுவதையும் இவ்வாறே விளக்குகிறது. ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதில்லை என்றும், அடுத்தடுத்த இடங்களில் புதிது புதிதாகத் தோன்றுவதையே உலகம் அசைவு என்று அழைக்கிறது என்றும் பௌத்த ஆசிரியர் வசுபந்து தம் அபிதர்மகோச உரையில் வாதிடுகிறார். அசைவூட்டம் இதற்கு நேர்ச் சான்றாகத் தோன்றினும், ஓர் இடர் உண்டு: பௌத்தருக்கு முன்கணமே பின்கணத்திற்குக் காரணம், இங்கோ இரண்டாம் படத்தை முதற்படம் பிறப்பிக்கவில்லை, முதற்படத்தை மங்கலாகக் கண்டுகொண்டே வரைபவர் பிறப்பிக்கிறார். அடுக்குகளின் வரிசையைக் கலைத்துவிட்டால் படங்கள் ஒன்றும் குறையாமல் இருக்க, நகைப்பு மட்டும் மறைந்துவிடுகிறது.

சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பௌத்தரை மறுத்தது 13ஆம் நூற்றாண்டில். சைவ சித்தாந்தத்தின் வினா காண்பவனை நோக்கியது: மூடிய இதழைக் கண்ட அறிவு அழிந்து, உயர்ந்த இதழைக் காணும் அறிவு வேறாகப் பிறந்ததெனில், இரண்டையும் ஒப்பிட்டு நகைத்தாள் என்று அறிவது எது? முன்னறிவு தன் வாசனையை, அதாவது பதிவை, பின்னறிவில் விட்டுச் செல்கிறது என்பது பௌத்தர் விடை. அழிந்தது எதையும் கொண்டு சேர்க்காது என்பது சைவர் மறுப்பு.

இவ்வழக்கில் சைவரின் வினாவே வலியது. ஏனெனில் படங்களுக்குள் இல்லாத அசைவு, அவற்றைக் கோத்துக் காணும் ஓர் ஒருமையின்றி எங்கும் இருக்க இயலாது. ஆயினும் அவ்வொருமை வினாடியில் பத்தில் ஒரு பங்கைக் கடந்து நிற்பதை மட்டுமே பாவையின் நகைப்பு காட்டுகிறது. அது என்றும் அழியாத ஆன்மா என்பதற்குச் சைவர் ஆகமத்தையும் அனுபவத்தையும் நாட வேண்டியிருக்கிறது.