தூய மின்சாரமும் இரண்டாம் சீலமும்



நாம் நாள்தோறும் ஏற்கும் பஞ்சசீலத்தில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதிருத்தல் என்பதாகும். இதனைத் திருடாமை என்று சுருக்கிச் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆயினும் பகவன் புத்தர் அமைத்த சொல் அதனினும் விரிந்த பொருளுடையது. திருடாமை என்றால் களவாடும் கை ஒன்றே நம் நினைவுக்கு வரும். கொடாததை எடாமை என்னும்போதோ, கொடுக்க உரிமையுடையவனையும் நாம் நினைக்க வேண்டியிருக்கிறது. உடையவன் யார்? அவன் கேட்கப்பட்டானா? மனமுவந்து கொடுத்தானா? இம்மூன்று வினாக்களும் அச்சீலத்தினுள் அடங்கியுள்ளன. நள்ளிரவில் கன்னமிட்டவனைப் போலவே, பட்டப்பகலில் அரசாணையைக் கையிற்கொண்டு வந்தவனும் இவ்வினாக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவன்.

இதனை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. உலகம் நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு, வெயில், காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முற்பட்டிருக்கிறது. அம்மின்சாரத்தைத் தண்ணீரிற் செலுத்தி, ஹைட்ரஜன் என்னும் வாயுவைப் பிரித்தெடுக்கவும் முயல்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் நீரும், 50 யூனிட் அளவு மின்சாரமும் வேண்டும். அவ்வாயு எரியும்போது கரிப்புகை இல்லை, நீராவியே எஞ்சும். உரத் தொழிலுக்கும் எஃகுத் தொழிலுக்கும் இது பெரிதும் பயன்படும் என்கின்றனர். நமது மத்திய அரசும் 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்து, 2030-க்குள் ஆண்டொன்றுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி செய்யக் குறி வைத்துள்ளது.

நோக்கம் நன்றே. ஆனால் வெயிலைப் பிடிக்கவும் காற்றைப் பிடிக்கவும் ஆற்றை மறிக்கவும் பரந்த நிலம் வேண்டும். அந்நிலம் நகரங்களின் நடுவில் இல்லை. காடும் மலையும் பாலையும் பனிவெளியுமாகக் கிடக்கும் அவ்விடங்களில் பூர்வகுடிகள் வாழ்கின்றனர். ஆகவே நம்முன் நிற்கும் வினா இது: புகையில்லாத மின்சாரம் என்பதனாலேயே அது பழியில்லாத மின்சாரம் ஆகிவிடுமா?

மின்சாரத்தை வெறுத்துப் பேசுவது நம் நோக்கமன்று. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராயிருந்தபோது, மின்சாரக் கொள்கையும் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவான, போதிய மின்சாரமின்றித் தொழில் வளராது; தொழில் வளராமல் ஏழையின் வறுமை தீராது என்பது அவர் கொண்ட கருத்து. பஞ்சாலையில் உழைத்த என்போன்றோர் இதை நூலிற் படித்து அறியவேண்டியதில்லை. கரண்டு நின்ற நாளில் கதிர் நிற்கும். கதிர் நின்றால் கூலியும் நிற்கும்.

ஆயினும் மின்சாரம் யாரிடமிருந்து வந்து யாரிடம் செல்கிறது என்பதை நம்மவர் மறக்கலாகாது. காவிரியில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் 1902-இல் எடுக்கப்பட்ட மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பிவழி கோலார் தங்கவயலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது அதன்பின் 1905-இல்தான். தங்கவயலில் ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தவரிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட தமிழர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வளர்த்தவரும் அவர்களுள் இருந்தவரே. அம்மின்சாரம் முதலில் தேடிச்சென்றது சுரங்க இயந்திரத்தையேயன்றி, அத்தொழிலாளியின் குடிசையை அன்று. எனவே தூரதேசத்துப் பூர்வகுடிகளின் வழக்கு நமக்கு அந்நிய வழக்கு அல்ல.

அவ்வழக்குகளிற் சிலவற்றைப் பார்ப்போம்.

நார்வே நாட்டில் சாமி என்னும் பூர்வகுடி மக்களுள் கலைமான் மேய்த்து வாழ்பவர் உளர். அவர்தம் குளிர்கால மேய்ச்சல் நிலமாகிய ஃபோசென் பகுதியில் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. 2021 அக்டோபர் 11 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அவ்வுரிமங்கள் செல்லாதவை, சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியவை என்று தீர்ப்பளித்தனர். தீர்ப்பு வந்த பின்னும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 2023-இல் இளைஞர் ஓஸ்லோ நகரில் அமைச்சகங்களின் வாயிலில் மறியல் செய்தபின்னரே அரசு மன்னிப்புக் கேட்டது. அதன்பின் உடன்பாடுகளும் ஏற்பட்டன. காற்றிலோ குற்றம் இல்லை. மின்சாரத்திலோ கரி இல்லை. குற்றம், கேளாது எடுத்ததில் இருந்தது.

கனடா நாட்டுச் செய்தி இதனினும் பழையது. 1971-இல் க்யூபெக் மாகாண முதல்வர் ராபர்ட் பூராஸா, ஜேம்ஸ் விரிகுடாவிற் பாயும் ஆறுகளில் பெரும் நீர்மின் நிலையங்கள் கட்டப்போவதாக அறிவித்தார். அங்கு வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த க்ரீ, இனுயிட் மக்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் ஏறினர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பெர்ட் மாலூஃப் வேலையை நிறுத்த ஆணையிட்டார். ஒரு வாரத்திற்குள் மேல்நீதிமன்றம் அவ்வாணையை விலக்கியது. 1975-இல் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அணைகள் எழுந்தன. நீரில் மூழ்கிய மண்ணிலும் செடிகொடிகளிலும் இருந்த பாதரசம் நுண்ணுயிர்களால் நச்சுருவம் பெற்று மீன்களிற் சேர்ந்தது. மீனையே உணவாகக்கொண்ட மக்கள் மீனுக்கு அஞ்சி வாழும் நிலை வந்தது. நகரத்தார் அதனைத் தூய மின்சாரம் என்றனர். ஆற்றங்கரையார் என்ன பெயரிட்டிருப்பர்?

இனி, மறுபுறத்தையும் காண்போம். அதே கனடாவின் ஒன்டாரியோ மாகாண வடமேற்கில், பெருவழிச் சாலை எட்டாத பூர்வகுடி ஊர்கள் நெடுங்காலம் டீசல் இயந்திரங்களையே நம்பியிருந்தன. குளிர்காலத்துப் பனிச்சாலை வழியாகவும் விமானம் மூலமாகவும் டீசல் வந்துசேர வேண்டும். இயந்திரத்தின் சக்தி எல்லையைத் தொட்டுவிட்டால், புதிதாகக் கட்டிய வீட்டுக்கும் இணைப்புக் கிடையாது. இக்குறையை நீக்க எழுந்தது வாட்டய்நிக்கனேயாப் மின்நிறுவனம். ஒளி கொணரும் கம்பி என்பது அப்பெயரின் பொருள். 24 பூர்வகுடிச் சமூகங்கள் சேர்ந்து அதில் 51 விழுக்காடு உடைமை கொண்டுள்ளன. சுமார் 1,800 கிலோமீட்டர் கம்பி இழுத்து 17 ஊர்களை இணைப்பது அதன் பணி. முதலாவதாக 2018 டிசம்பரில் பிக்காஞ்சிக்கம் என்னும் ஊர் ஒளி பெற்றது. ஆல்பர்ட்டா மாகாணத்து ஃபோர்ட் சிப்பெவ்யானில் மூன்று பூர்வகுடிச் சமூகங்கள் கூடி 2020-இல் சூரிய மின்நிலையம் அமைத்தன; ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் லிட்டர் டீசல் அதனால் மிச்சமாகும் என்று கணக்கிட்டனர்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கிம்பர்லியில் நிகழ்வது இன்னும் சிந்திக்கத்தக்கது. 1972-இல் திறக்கப்பட்ட ஆர்டு ஆற்று அணை, மிரியுவுங், கஜெரோங் மக்களின் நிலத்தை அவர்தம் சம்மதமின்றி மூழ்கடித்தது. 2023-இல் அவ்வட்டாரத்திலேயே சூரிய மின்சாரமும் ஹைட்ரஜனும் எடுக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் நான்கு பங்காளிகளுள் மூவர் பூர்வகுடி அமைப்புகள். அவர்களுள் அம்மக்களின் சொந்த நிறுவனமும் ஒன்று. ஆண்டுக்கு 50,000 டன் ஹைட்ரஜன் என்பது குறி. அறிவிப்பு வேறு, ஆலை வேறு என்பதை நான் அறிவேன். எனினும் முன்பு நிலத்தை இழந்து கரையில் நின்றவர், இம்முறை திட்டம் தீட்டும் மேசையின் முன் அமர்ந்திருக்கிறார். இம்மாற்றம் சிறிதன்று.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரம் விளக்குகிறது. மகாவிஜித மன்னன் பெருவேள்வி ஒன்று செய்ய விரும்பினான். அவனுக்கு அறிவுரை கூறிய புரோகிதர், முதலில் உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்கு ஊதியமும் கொடுக்கச் சொன்னார். பின்னர் நாட்டிலுள்ள நால்வகையாரிடம் அனுமதி கேட்கச் சொன்னார். நாம் இன்றும் வழங்கும் அனுமதி என்னும் சொல்லே அப்பாளி நூலிலும் உள்ளது. அவ்வேள்வியில் உயிர்ப்பலி இல்லை, மரம் வெட்டப்படவில்லை, கோலுக்கு அஞ்சி அழுதுகொண்டு வேலை செய்தவர் எவரும் இல்லை, விரும்பியவர் செய்தனர், விரும்பாதவர் விலகினர். நம் காலத்து வேள்விக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ? ஐக்கிய நாடுகள் சபை 2007-இல் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தில், முன்கூட்டியே, விவரம் அறிந்து, வற்புறுத்தலின்றிப் பெறப்படும் சம்மதம் என்று கூறியதன் கருத்தும் இதனோடு ஒத்ததே.

ஆனால் அந்நால்வர் யாவர் என்று உற்று நோக்குங்கள். சிற்றரசர், அமைச்சர், செல்வமுடைய பிராமணர், செல்வமுடைய இல்லறத்தார். விதை வாங்கிய உழவனும் ஊதியம் வாங்கிய ஊழியனும் அப்பட்டியலில் இல்லை. அக்காலத்து நாடு அவ்வாறு இருந்தது. நம் காலமேனும் அப்பட்டியலை நிரப்பவேண்டாமா? கர்நாடகத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா சுமார் 13,000 ஏக்கரில் விரிந்துள்ளது. நிலத்தைப் பறிக்காமல் குத்தகைக்கு எடுத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் குத்தகைப்பணம் பட்டா உடையவருக்குச் செல்கிறது. அந்நிலத்தில் களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பிழைத்த நிலமில்லாக் கூலியாளருக்கு அதில் பங்கில்லை. பத்திரம் உள்ளவனை மட்டும் உடையவன் என்று கொண்டால், இரண்டாம் சீலத்தின் முதல் வினாவுக்கே நாம் தவறான விடை எழுதியவர் ஆவோம்.

இங்கு ஒருவர் தடை எழுப்பலாம்: "பலருடைய நன்மைக்காக உழையுங்கள் என்று புத்தரே பிக்குகளை அனுப்பினார் அல்லவா? உலகம் வெப்பத்தால் வாடும்போது, சிலர் தம் நிலத்தை இழந்தால் என்ன?"

இதற்கு நம் விடை: பகவன் அனுப்பியது, தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத துறவியரை. அவர்கள் பலருக்காகத் தம்மைக் கொடுத்தனர். பிறரைப் பிடித்துக் கொடுக்கவில்லை. தியாகம் என்பது தன்னுடையதைத் தருவது. பிறனுடையதை எடுத்துத் தந்து, அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது தானமாகாது. மேலும், தியாகம் செய்யுமாறு கேட்கப்படுபவர் எப்போதும் அதே மக்களாக இருப்பது ஏன் என்பதையும் தடை எழுப்புவோர் விளக்கவேண்டும்.

"கேட்டால் மறுத்துவிடுவார்களே" என்பர் வேறு சிலர். சிலர் மறுக்கக்கூடும், மறுக்க இடமில்லாத கேள்வி கேள்வியாகாது. கேட்பதனால் காலம் செல்லும் என்பதும் மெய்யே. கேளாமற்போனதனால் ஃபோசெனில் எத்தனை ஆண்டுகள் வழக்கிற் கழிந்தன என்பதையும் அக்கணக்கிற் சேர்க்கவேண்டும். உடையவராகக் கருதிக் கேட்ட இடங்களில், அம்மக்களே முன்நின்று கம்பி இழுத்ததையும் கண்டோம்.

பங்கு கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை. அநாதபிண்டிகருக்குப் பகவன் இல்லறத்தாரின் நான்கு இன்பங்களைப் போதித்தார்: உடைமை உண்டென்னும் இன்பம், அதனைத் துய்க்கும் இன்பம், கடனில்லா இன்பம், பழியில்லா இன்பம். இந்நான்கையும் ஒவ்வொரு திட்டத்துக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம். நிலத்தார்க்கு உடைமை உண்டா, அல்லது காவலாள் வேலை மட்டும் உண்டா? ஹைட்ரஜன் கப்பலேறும்போது அவ்வூர் வீட்டில் விளக்கு எரிகிறதா? பங்கு வாங்கப் பட்ட கடன், பிள்ளைகளின் தலையில் விழுமா? கனடா அரசு 2024-இல் பூர்வகுடிகளின் முதலீட்டுக்கு 500 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம் அறிவித்தது. உத்தரவாதம் உதவியே, எனினும் கடன் கடனே. இறுதியாக, பூர்வகுடிகளுக்குள்ளேயே பெண்களும் எளியோரும் கேட்கப்பட்டனரா? இந்நான்காவது இன்பமே ஏனையவற்றினும் உயர்ந்தது என்று பகவன் மொழிந்ததை நினைவிற் கொள்க.

சகோதரர்களே! கேட்கப்படாதவர்களின் பிள்ளைகள் நாம். 1956-இல் பாபாசாகேப் நம்மைத் தம்மத்துக்கு அழைத்ததும், கேட்கப்படவேண்டிய மனிதராக நம்மை நிமிர்த்துவதற்கே. ஆனால் இன்று நம் வீடுகளிலும் விளக்கு எரிகிறது. நம் பிள்ளைகள் சூரியப் பூங்காக்களிலும் காற்றாலைகளிலும் வேலைக்குச் செல்கின்றனர். இழந்தவர் வரிசையில் நின்ற நாம், பெறுபவர் வரிசையிலும் நிற்கத் தொடங்கிவிட்டோம். ஆதலின் நமக்கு இரட்டைக் கடமை உண்டு. நம் ஊருக்குத் திட்டம் வரும்போது, கிராம சபையில் எழுந்து நம் பங்கைக் கேட்கவேண்டும். நிலமில்லாதவனுக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும். பிறர் நிலத்திலிருந்து நமக்கு ஒளி வரும்போது, அவர் கேட்கப்பட்டாரா என்று வினவவேண்டும். முதற்கடமையை மட்டும் செய்பவன் தன் நலம் நாடுபவன். இரண்டையும் செய்பவனே உபாசகன்.

நமோ புத்தாய!