ஊர்க்கதையே பாடநூல்

எழுத்துத் தெரியாத பெரியவருக்கு ஊர் தெரியும். ஏரிக்கரையை உயர்த்தியது யார், எந்தப் பஞ்சத்தில் எந்தத் தெரு காலியானது, எல்லைக்கல் எப்போது நகர்ந்தது என எல்லாம் தெரியும். அவர் கையில் அணிலும் ஆடும் உள்ள படப் புத்தகத்தைத் தருவது, உண்மையில், ஒரு சின்ன அவமதிப்பு.

பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963-இல் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே, தொழிலாளர்களின் அன்றாடப் பேச்சில் புழங்கிய சொற்களிலிருந்தே எழுத்தறிவுப் பாடத்தைத் தொடங்கினார். நம் புதுக்கோட்டையில் 1990-களின் அறிவொளி எழுத்தறிவு இயக்க வகுப்புகளுக்குக் கல் உடைக்கும் பெண்களும் வந்தார்கள். அதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய தமிழ் எழுத்து இருக்கிறது. கல்லுக்கு வாய்த்த எழுத்து, கல் உடைப்பவருக்கு வர இத்தனை காலம்!

முதியோர் வகுப்புக்குப் பாடம் தேடி வெளியே போக வேண்டாம். நடுகல், பழைய பட்டா, கோயில் திருவிழா நோட்டீஸ், தெருப் பெயர்ப்பலகை போதும். பெரியவர் சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும், எழுதியதை அவரே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். ஊர்க்கதையில் ஆசிரியர் எங்காவது தவறினால், திருத்தப்போவதும் அவர்தான்.