கூடி விடும் மூச்சு



ஆங்கிலத்தில் ‘கான்ஸ்பைர்’ என்றொரு சொல் உண்டு. சதி செய்தல் என்றே அதற்குப் பொருள் கொள்கிறோம். அதன் வேரோ இலத்தீன் மொழியில் உள்ளது. ‘கான்’ என்பது கூட என்றும், ‘ஸ்பிராரே’ என்பது மூச்சு விடுதல் என்றும் பொருள்படும். கூடி மூச்சு விடுதலே அச்சொல்லின் முதற்பொருளாம். அதே வேரில் பிறந்த ‘இன்ஸ்பைர்’ ஊக்கமூட்டுதலைக் குறித்தது. ‘எக்ஸ்பைர்’ உயிர் நீத்தலையும் கெடு முடிதலையும் குறித்தது. பலர் கூடி விட்ட மூச்சோ குற்றத்தின் பெயராயிற்று! இது ஏன் என்று சிந்திப்போம்.

ஆலையில் உழைத்த நாம் பஞ்சுத் தூசியைப் பங்கிட்டுச் சுவாசித்தவர்கள். அத்தூசியால் நெஞ்சு இறுகும். ஓய்வுநாள் கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அவ்விறுக்கம் மிகும். நோய்க்காகக் கூடி மூச்சு விடுவதை யாரும் தடுத்ததில்லை. நியாயம் கேட்கக் கூடினால் மட்டும் சதி என்னும் ஐயம் எழுந்தது. ஆகவேதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் ஒரு காப்பு வழங்கிற்று. பதிவு பெற்ற சங்கத்தார் சங்க நோக்கத்திற்காகச் செய்துகொள்ளும் உடன்பாடு, குற்றம் இழைப்பதற்கான உடன்பாடாய் இல்லாதவரை, சதிக்குற்றமாகாது என்றது அது.

ஆயின், கூடுவதெல்லாம் நன்றாகுமோ? பகவானைக் கொல்லத் தேவதத்தனும் அஜாதசத்துருவும் கூடினர், அதுவும் கூட்டே! வஜ்ஜியரோ ஒற்றுமையாய்க் கூடி, ஒற்றுமையாய் எழுந்து, ஒற்றுமையாய்க் கடமையாற்றினர். அவ்வாறு இருக்குமளவும் அவர்கட்கு வளர்ச்சியே அன்றி வீழ்ச்சி இல்லை என்று பகவான் அருளினார். இரண்டிற்கும் வேற்றுமை யாது? சேதனை, அதாவது மனத்தின் நோக்கம். வினையின் வித்து அதுவே.

நம் மொழியின் நுட்பத்தைக் காண்மின்! பிக்குகளின் கூட்டமும் சங்கம். தொழிலாளர் கூட்டமும் சங்கம். இரண்டையும் காப்பது நன்னோக்கமே. நோக்கத்தை அறிவதற்குப் பகவான் காட்டிய வழி ஆனாபானசதி. நெடுமூச்சை நெடுமூச்சென்றும், குறுமூச்சை குறுமூச்சென்றும் அறிந்திருத்தல் அதன் தொடக்கம். சினம் கொண்டவன் மூச்சு குறுகி விரையும். அமைதியுற்றவன் மூச்சு நீண்டு மெலியும். தன் மூச்சை அறிபவன் தன் சினத்தையும் அறிவான்.

ஆதலின், எக்கூட்டத்தில் பேசப் புகுமுன்னும் சிறிது நேரம் வாய்மூடி, ஒருங்கே அமர்ந்து, மூச்சை நோக்குவோம். எவர்க்கும் தீங்கு எண்ணாமல், உரிமையையும் கைவிடாமல் எழுவோம். அவ்வாறு கூடி விடும் மூச்சைச் சதி என்பார் சொல்லட்டும். நாம் அதனைச் சங்கம் என்போம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!