முகம் பார்க்காத பரிசில்

தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடி வந்த பெருஞ்சித்திரனாருக்கு, அவன் நேரில் பார்க்காமலே பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்க மறுத்தார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு அந்த மறுப்பு. கொடுப்பது தினையளவாக இருந்தாலும் என்னை அறிந்து கொடு என்பது அதன் சாரம். இதைப் புலமைச் செருக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 160-ஆம் பாட்டில் அவர் வீட்டுப் பசியைப் படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். மறுத்தவர் பசித்தவர் என்பதுதான் விஷயம்.

அதே அஞ்சியைப் பற்றிய ஔவையின் இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 206-இல் பரிசில் தாமதமாகிறது. வாயிற்காவலனிடம் சீறிவிட்டு, உலகம் பெரிது என்று ஔவை மூட்டை கட்டுகிறார். 101-இலோ, தாமதமானாலும் அது யானை தன் தந்தங்களுக்கிடையே வைத்துக்கொண்ட உணவு போலக் கைக்கு வந்ததுதான் என்று நெஞ்சை ஆற்றிக்கொள்கிறார். தாமதம் ஒன்றே. உள்ளே இருக்கிறோமா, வாசலில் நிற்கிறோமா என்ற உணர்வுதான் வேறு.

இந்த ஊரில் வங்கி எழுத்தனாக இருக்கும் எனக்கு இது பழங்கதையாகப் படவில்லை. பண்டிகை முன்பணம் வாங்க எனக்குக் கூச்சமில்லை. வங்கி ஊழியரின் முதல் இருதரப்பு ஒப்பந்தம் 1966-இல் கையெழுத்தானது. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எனக்காக மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எங்கள் கிளையில் தினக்கூலிக்குத் தரை துடைக்கும் அம்மாள், தீபாவளிக்கு நாங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தை வாங்கவில்லை. "வேணாங்க சார். ஏழு வருஷமா வர்றேன், ரிஜிஸ்டர்ல எம்பேரு இல்லீங்க" என்றார். நன்றி தெரியாதவர் என்று ஒரு நண்பர் முணுமுணுத்தார்.

ஒப்பந்தமும்தான் முகம் பார்ப்பதில்லை என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அது பெயரை ஒப்புக்கொள்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்ஸெல் மோஸ், கொடை பற்றி 1925-இல் வெளிவந்த தமது கட்டுரையில், திருப்பிக் கொடுக்க முடியாத கொடை வாங்குபவனைத் தாழ்த்துகிறது என்றார். தொழிலாளி தன் வாழ்வையும் உழைப்பையும் முன்பே கொடுத்துவிட்டவன் என்பதால் சமூகக் காப்பீடு அவனுக்குச் சேர வேண்டிய பாக்கி என்றும் கண்டார். பாக்கியைத் தானமாக நீட்டினால் சுயமரியாதை உள்ளவர் கையை இழுத்துக்கொள்வார். அதற்கு நன்றிகெட்டதனம் என்று பெயர் வைப்பது கொடுப்பவனின் வசதி.

அதியமான் அன்று ஒருமுறை வெளியே வந்து பார்த்திருந்தால், குறைவாகவே கொடுத்திருக்கலாம்.